அமரில்லோவின் ஆறு டயர் வண்டி

அமெரிக்கா போகிறவர்கள் நியூயார்க், நயாகரா, லாஸ் வேகாஸ் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் அமரில்லோவுக்கு இடம் இருக்காது. டெக்சாஸ் மாநிலத்தின் வடக்குப் பகுதி, வாணலிக்குக் கைப்பிடி வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயரே ‘பான்ஹேண்டில்’, அதாவது வாணலிக் கைப்பிடி. அங்கே இருக்கிற பெரிய ஊர் இது. அமரில்லோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் மஞ்சள். ஜனத்தொகை சுமார் 2 லட்சம். கடல் மட்டத்திலிருந்து 3,600 அடி உயரத்தில் இருந்தாலும் ஊரைச் சுற்றி ஒரு குன்றுகூடத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்வெளி, மாடு, ஓயாத காற்று.

மகள் குடும்பம் அங்கே இருப்பதால் 2024 இலையுதிர் காலத்தில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். விமான நிலையத்தில் இறங்கியதுமே ஒரு பெயர் கண்ணில் பட்டது: ரிக் ஹஸ்பண்ட். 2003-ல் கொலம்பியா விண்கல விபத்தில் நம் கல்பனா சாவ்லாவோடு உயிரிழந்த கமாண்டர் அவர். பிறந்த ஊர் அமரில்லோ. விமான நிலையத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே, நெடுஞ்சாலை ஓரமாக ‘கேடிலாக் ராஞ்ச்’ இருக்கிறது. 10 பழைய கேடிலாக் கார்களை மூக்குக் கீழே இருக்கும்படி வயலில் பாதி புதைத்து வைத்திருக்கிறார்கள். 1974-ல் கலைஞர்கள் குழு ஒன்று செய்த வேலை. வருகிறவர்கள் ஸ்பிரே பெயின்ட் டப்பாவோடு வந்து, இஷ்டப்பட்ட நிறத்தை அடித்துவிட்டுப் போகலாம். பெயின்ட் அங்குலக்கணக்கில் ஏறி, கார் எது, கலர் எது என்று தெரியாத நிலை. நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் இந்த ஊரின் உண்மையான வண்டி கேடிலாக் இல்லை. மளிகைக்கடை வாசலில், சர்ச் வாசலில், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் என்று எங்கே பார்த்தாலும் பிக்கப். அதிலும் பின்பக்கம் இடுப்பு அகன்ற ஒரு ரகம் உண்டு. அதைத்தான் ‘டூயலி’ என்கிறார்கள்.

இடுப்பு அகன்ற வண்டி

நம்மூர் டாடா 407-க்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர் இருக்குமே, அதேதான். முன்னால் இரண்டு, பின்னால் நாலு, மொத்தம் ஆறு. 407 நமக்குச் சரக்கு வண்டி. இங்கே டூயலியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்கும் போகிறார்கள்.

ஆறு டயர் எதற்கு? மாட்டுக்காகத்தான். மாடு ஏற்றும் நீளமான டிரெய்லரைச் சாதாரண வண்டிபோல பின்பக்கக் கொக்கியில் மாட்டுவதில்லை. டிரெய்லரின் கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து மேலேறி, பிக்கப்பின் தொட்டிக்குள் இறங்கி, பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் ஓர் இரும்புக் குண்டின்மேல் உட்காரும். அதற்கு ‘கூஸ்நெக்’ என்று பெயர். டன் கணக்கில் பாரம் அந்த ஒரே அச்சின்மேல் இறங்குவதால் இரண்டு டயர் போதாது. பக்கக்காற்று அடிக்கும்போது வண்டி ஆடாமல் நிற்பதற்கும் அகலம் உதவுகிறது.

1973-ல் செவர்லே நிறுவனம் ஜோடி டயர் போட்ட பெரிய கேபின் பிக்கப்பை ‘பிக் டூலி’ என்ற பெயரில் விற்றது. பெட்டி மாதிரி சதுரமாக இருந்த அந்தக் காலத்து வண்டிகளை இன்றைக்கு ‘ஸ்கொயர் பாடி’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, 1978-ல் வந்த அப்படி ஒரு வண்டி நின்றிருந்தது. கராஜுக்குள் முழுதாக அடங்கவில்லை. ஏறக்குறைய 20 அடி நீளம் என்பதால் முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வெயில் செய்யும் உபகாரம்

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பெரியவர். மாட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். வண்டி அவருடைய அப்பா வாங்கியது. அப்பா காலமான பிறகு பண்ணைக் கொட்டகையில் வருஷக்கணக்கில் கிடந்ததை இழுத்து வந்து, 2023-ல் வேலையை ஆரம்பித்திருக்கிறார்.

“கொட்டகையில் கிடந்த வண்டியா? துருப்பிடித்திருக்குமே” என்றேன். சிரித்தார். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு சில குளிர்காலங்களிலேயே வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். பான்ஹேண்டிலில் காற்று வறண்டது. இரும்பு தப்பிக்கும். அதற்குப் பதிலாக வெயில், பெயின்டையும் டேஷ்போர்டையும் சீட்டையும் காவு வாங்கிவிடும். அதனால்தான் வடக்கே இருப்பவர்கள் பழைய வண்டி வாங்க இந்தப் பக்கம் தேடி வருகிறார்கள். வறண்ட ஊர் வண்டி என்றாலே தனி மதிப்பு.

இருந்தாலும் ஸ்கொயர் பாடி வண்டிக்கென்று சில பலவீனங்கள் உண்டு. கதவுக்குக் கீழே உள்ள தகடு, கேபினின் பின்மூலைகள், கால் வைக்கும் தரை எல்லாம் மண்ணும் ஈரமும் தேங்கும் இடங்கள். அங்கே ஸ்குரூடிரைவரால் குத்தினால் சில இடங்களில் உள்ளே இறங்கியதாம். துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, தேய்த்து, பட்டி பார்த்திருந்தார். நம்மூர் டிங்கர் பட்டறையில் நடக்கிற அதே வேலைதான். என்ன, இங்கே கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டிலேயே வெல்டிங் மெஷின், கம்ப்ரஸர், இன்ஜின் தூக்கும் கிரேன் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

46 வருஷத்து வண்டிக்கு உதிரி பாகம்? கேன்சஸ் மாநிலம் லெனெக்ஸாவில் உள்ள ‘எல்எம்சி டிரக்’ நிறுவனத்தின் கேட்லாக்கை எடுத்துக் காட்டினார். கதவு ரப்பரிலிருந்து தரைத்தகடு வரை படம் போட்டு, நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டம்மா தீபாவளி மலர் படிப்பதுபோல அவர் அதைப் புரட்டுகிறார் என்று அவருடைய மனைவியிடம் சொன்னோம். தீபாவளி என்றால் என்ன என்று விளக்கிய பிறகு அவர் ஆமோதித்தார்.

தீ வந்த வாரம்

பெரியவரின் முதல் திட்டம் வேறு. வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது, பளபளக்கும் பெரிய வீல், கண்ணாடி மாதிரி சிவப்புப் பெயின்ட். கார் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோவதற்கான வண்டி. இன்ஜினைக் கழற்றி கிரேனில் தொங்கவிட்டு, பிரேக்கைப் பிரித்துப்போட்டு, வண்டியை ஸ்டாண்டுகள்மேல் நிறுத்தியிருந்தார்.

2024 பிப்ரவரி 26-ம் தேதி, அமரில்லோவுக்கு வடகிழக்கே ஸ்டின்னெட் என்ற ஊர்ப் பக்கம் புல்வெளியில் தீப்பிடித்தது. ‘ஸ்மோக்ஹவுஸ் கிரீக்’ தீ என்று அதற்குப் பெயர். குளிர்காலத்தில் காய்ந்து கிடந்த புல், புயல் மாதிரிக் காற்று. டெக்சாஸ் சரித்திரத்திலேயே மிகப் பெரிய காட்டுத் தீ அதுதான். 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. கிட்டத்தட்ட நம் திருச்சி மாவட்டம் அளவு. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன.

பெரியவருடைய மனைவியின் அண்ணன் பண்ணை, கனேடியன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமரில்லோவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அன்று ராத்திரி போன் வந்திருக்கிறது: “டிரெய்லரோடு வண்டி எது இருந்தாலும் கொண்டு வா.” டிரெய்லர் இவர் கொல்லையில் சும்மா நின்றது. இழுக்க வண்டி இல்லை. தெரிந்தவர்களிடம் இருந்த வண்டிகளெல்லாம் அவரவர் மாட்டைக் காப்பாற்றப் போயிருந்தன. மைத்துனர் தன் ஒரே வண்டியில் முதல் நடையாக 15 மாடுகளை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாவது நடைக்குத் திரும்புவதற்குள் ரோட்டை மூடிவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது பெரியவர் குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்பாவின் வண்டி ஒரு நாள்கூட வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னதில்லை. நான்தான் அதை அப்படி நிறுத்தி வைத்திருந்தேன்” என்றார்.

அடுத்த சில வாரங்களில் பல மாநிலங்களிலிருந்து வைக்கோல் வந்து குவிந்தது. பணம் வாங்காமல், முகம் தெரியாதவர்கள் அனுப்பியது. பெரிய லாரிகளோடு, கூஸ்நெக் டிரெய்லர் இழுத்த டூயலிகளும் வரிசையாக வந்ததை ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறார்.

மாறிய பட்டியல்

வீடு திரும்பியதும் கராஜ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார். நான் பார்த்தபோதும் அது அங்கே இருந்தது. முதல் வரி: பிரேக். கடைசி வரி: பெயின்ட்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்திருக்கும். குழாய், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பின் டிரம் என்று எல்லாவற்றையும் மாற்றினார். டிரெய்லரின் பிரேக்கை டிரைவர் சீட்டிலிருந்தே இயக்கும் மின்கருவியும் பொருத்தினார். வயரிங் வேலை 17 வயதுப் பேத்தியுடையது. பழைய வயர்களுக்கு நடுவே எலி கூடு கட்டியிருந்ததால் மொத்தத்தையும் உருவிவிட்டுப் புதிதாக இழுத்திருக்கிறாள். வண்டியை அடுத்து ஓட்டப்போகிறவளும் அவள்தான்.

டயரைப் பற்றி அவள் எனக்குப் பாடமே நடத்தினாள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால், 2014-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் பளிச்சென்று இருந்தாலும், வயதான டயர் பாரத்தோடு வேகமாகப் போகும்போது வெடிக்கலாம். நம் வீட்டுக் கார் டயரிலும் இந்த எண் உண்டு. இன்றைக்கே போய்ப் பாருங்கள். டூயலியில் இன்னொரு தொல்லை, உள் டயர். அதில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. பாரம் முழுக்க வெளி டயர்மேல் ஏறிவிடும். அதனால் பயணத்துக்கு முன் கட்டையால் ஒவ்வொரு டயராகத் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். நம்மூர் லாரி கிளீனர் செய்வதை டெக்சாஸில் ஒரு பள்ளி மாணவி செய்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கேபின் கூரையில் ஐந்து மஞ்சள் விளக்குகள் வரிசையாக மின்னின. அலங்காரம் என்று நினைத்தேன். அது சட்டமாம். 80 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டி என்பதை எதிரே வருகிறவர் தெரிந்துகொள்ள அந்த விளக்கு கட்டாயம்.

அழகு வேலையை அவர் முழுக்க விட்டுவிடவில்லை. புது ஏசி, பின் சீட்டுக்குத் தோள் பெல்ட், டிரெய்லர் மாட்டும் இடத்தைக் காட்டும் கேமரா, மூன்று கியருக்குப் பதில் நாலு கியர் உள்ள பின்னாளைய கியர் பாக்ஸ். எல்லாமே ஓட்டுகிறவருக்கு உதவும் மாற்றங்கள். உடம்பு மட்டும் பாதி சாம்பல் நிற பிரைமரும் பாதி வெளுத்த பச்சையுமாக நின்றது. டிரைவர் பக்கக் கதவில் அப்பா கையால் எழுதிய பண்ணைப் பெயர் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் நாள் வந்தாலும் அந்தக் கதவைத் தொடப்போவதில்லை என்று தாத்தாவும் பேத்தியும் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள்.

கனேடியன் ரோட்டில்

நாங்கள் ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஆறு வைக்கோல் உருண்டைகளை மைத்துனருக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றும் அரை டன் இருக்கும். என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். 60-ம் எண் நெடுஞ்சாலை. பான்ஹேண்டில் என்ற பெயரிலேயே ஒரு ஊர். அப்புறம், பாடகர் வுடி கத்ரி இளமையில் வாழ்ந்த பாம்பா. அதைத் தாண்டி மயாமி. ஃப்ளோரிடா மயாமி இல்லை. இது சின்னஞ்சிறு ஊர்.

மற்ற வண்டிகள் பறந்தன. நாங்கள் 90 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அந்த இன்ஜின் குடிக்கிற பெட்ரோலுக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். கனேடியனை நெருங்க நெருங்க, கரிந்த வேலிக் கம்பங்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே புதுக் கம்பங்கள். புல் மட்டும் திரும்ப வந்திருந்தது. இந்தப் புல்லுக்கு உயிர் வேரில் இருக்கிறது. மேலே எரிந்தாலும் மழை பெய்தால் முளைத்துவிடும்.

பண்ணை வாசலில் இறக்கம். பேத்தி பிரேக்கை மிதித்தாள். ஏழு டயர் உயர வைக்கோலோடு டிரெய்லர் சத்தமில்லாமல் நின்றது. மைத்துனர் வண்டியைச் சுற்றி வந்து, கதவில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

போகிறவர்களுக்கு

அமரில்லோவுக்கு டல்லாஸ் வழியாகப் போவது சுலபம். கார் இல்லாமல் எங்கேயும் நகர முடியாது. கேடிலாக் ராஞ்சுக்குக் கட்டணம் கிடையாது. 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்கு, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு. காலையில் போனால் செம்மண் பாறைகள் கண்ணைப் பறிக்கும். குதிரைப் பிரியர்களுக்கு, குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துக்கென்றே ஒரு மியூசியம் நாங்கள் போனபோது இருந்தது. தொப்பியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்.

சனிக்கிழமை காலையில் குடியிருப்புப் பக்கம் நடந்து பாருங்கள். கராஜ் கதவு திறந்திருந்து, உள்ளே ஒரு பழைய பிக்கப் நின்றால், “எந்த வருஷத்து வண்டி?” என்று கேட்டால் போதும். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது உங்கள் கையில் இல்லை.