ஞாயிற்றுக்கிழமை போன்

சிங்காநல்லூர் வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் பழைய சென்ட்ரல் ஸ்டுடியோ ஞாபகம் வந்துவிடும். 1947-ல் வெளியான 'ராஜகுமாரி' அங்கே எடுத்த படம். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். கருணாநிதி வசனம் எழுதிய முதல் படமும் அதுதான். எம்.ஜி.ஆர். கதர் கட்டிய காந்தி பக்தர், கருணாநிதி பெரியார் வழி. காந்தி புத்தகத்தை இவர் கொடுப்பார், அண்ணா புத்தகத்தை அவர் கொடுப்பார். யாரும் யாரையும் விரட்டவில்லை. 1972-ல் பிரிந்ததெல்லாம் வேறு கதை, கிளறினால் இங்கேயே சண்டை வரும்!

எனக்கும் அப்படி எதிர்க்கருத்துள்ள நண்பர் ஒருத்தர் இருக்கார். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் பக்கத்து மேசைக்காரர். நான் வேலை மாறி எட்டு வருஷமாச்சு, ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. ஓட்டுப் போடுவதிலிருந்து காபிக்குச் சர்க்கரை வரை எதிலும் ஒத்துப்போக மாட்டோம்.

போன வாரம் அன்னூர் பக்கம் கடன் வாங்கி ஒரு தோட்டம் வாங்கப்போவதாகச் சொன்னேன். வாழ்த்துவார் என்று பார்த்தால், "ஏனுங்க, போர் எத்தனை அடின்னு கேட்டீங்களா?" என்றார். சுருக்கென்றது. பாதிப் பேச்சில் வைத்துவிட்டேன்.

மறுநாள் போய்க் கேட்டேன். ஆயிரம் அடிக்கு மேலேயாம், அதுவும் கோடையில் நம்ப முடியாதாம்.

இந்த ஞாயிறு நான்தான் முதலில் கூப்பிடணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.