உள்ளிருந்து உடைந்த கல்

இரத்தினபுரி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது நீலக்கல்லும் அதன் விலையுந்தான். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இரத்தினக்கற்களைப் பற்றி எத்தனையோ செய்திகளைப் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை கரட், டொலர், ஏலம் என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். அவற்றுக்குள் அடங்காத ஒரு கல்லைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். அதன் பெயர் ஏகனைற்.

1953ஆம் ஆண்டு எஹெலியகொடப் பகுதியில் கிடைத்த இக்கல்லை முதலில் இனங்கண்டவர் எஃப். எல். டி. ஏகநாயக்க. பார்வைக்குப் பச்சைக் கண்ணாடித் துண்டு போன்ற அது, இதுவரை அறியப்படாத கனியம் என்பது 1961இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்டவரின் பெயரே கல்லின் பெயராயிற்று.

கண்ணாடி போலத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் உருவான காலத்தில், இன்றைய இலங்கையின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்தன. அங்கே கல்சியம், தோரியம், சிலிக்கன், ஒட்சிசன் அணுக்கள் ஒரே வரிசையை மீண்டும் மீண்டும் அடுக்கி இக்கனியத்தைப் பளிங்காக வளர்த்தன. பளிங்கு என்பதே அந்த ஒழுங்குதான்.

ஆனால் அதன் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு தோரியம். கதிரியக்கமுள்ள இந்தத் தோரியத்தின் அணுவொன்று சிதையும்போது அல்பாத் துகள் ஒருபுறம் பாய, எஞ்சிய கரு மறுபுறம் உதைபட்டு, அருகிலுள்ள அணுக்களை நிலைகுலைத்து விடுகிறது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலமோ ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஆகவே 55 கோடி ஆண்டுகளில் நூற்றுக்கு மூன்று அணுகூடச் சிதைந்திராது. அந்தச் சிறு பங்கே முழுப் பளிங்கின் வரிசையையும் குலைக்கப் போதுமாயிற்று. வெளியிலிருந்து எவரும் அக்கல்லை உடைக்கவில்லை. அது தன்னுள்ளே வைத்திருந்ததே அதை உடைத்தது. இந்நாட்டின் செய்திகளை நீண்ட காலம் எழுதியவனுக்கு இதைப் படித்தபோது மனம் கனத்தது.

எனினும் இக்கதை அழிவோடு முடியவில்லை. குலைந்த கல்லை உயர் வெப்பத்தில் சூடாக்கினால் அணுக்கள் மீண்டும் வரிசைக்கு வருகின்றன என்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். சில கற்களை உருண்டையாக மெருகிட்டால், நான்கு கதிர்களுடன் ஒரு நட்சத்திரமும் தெரியும். முன்பிருந்த ஒழுங்கின் சுவடு அது.

சேகரிப்பாளர்கள் இதனைத் தேடி வாங்குகின்றனர். ஆனால் தனியே வைத்துப் பேணுகின்றனர். அணிகலனாக அணியத் தக்கதன்று. இலங்கையின் பச்சைச் சிர்க்கோன் கற்கள் சிலவற்றிலும் யுரேனியம் இதே வேலையைச் செய்திருக்கிறது. ஆயினும் அவற்றின் கதிர்வீச்சு ஏகனைற்றினுடையதைவிட மிகக் குறைவு. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் எவரிடமேனும் பெயர் தெரியாத பச்சை இலங்கைக் கல் இருந்தால், மோதிரத்தில் பதிக்கும் முன் ஓர் இரத்தினக்கல் ஆய்வுகூடத்தில் காட்டிவிடுங்கள்.