பசி எங்கே பிறக்கிறது?

பசி வயிற்றைக் கிள்ளுகிறது என்கிறோம். கிள்ளப்படுவது வயிறு, கிள்ளச் சொல்வதோ மூளை. மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதாலமஸ் என்னும் பகுதி, உடலெங்கும் இருந்து வரும் செய்திகளைக் கேட்டு, ‘உண்’ என்றும் ‘போதும்’ என்றும் பணிக்கிறது. அச்செய்திகளுள் பலவற்றைச் சுமந்து வருபவை ஹார்மோன்கள்.

அவற்றுள் இரண்டை நாம் அறிந்திருத்தல் நலம். 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்தது லெப்டின். உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் இது, ‘கையிருப்பு உண்டு’ என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. 1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா குழுவினர் கண்டறிந்தது கிரெலின். இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டுவது இது. வழக்கமாக உண்ணும் வேளை நெருங்குகையில் உயர்கிறது, உண்டபின் தணிகிறது.

கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவர்க்குக் குலுக்கையைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசியில் கண்ட கம்பையும் சோளத்தையும் அடுத்த விளைச்சல்வரை காத்த மண்குதிர் அது. தானியம் அடிமட்டத்துக்கு இறங்கியதும் வீட்டுத்தலைவி படியளப்பதைக் குறைப்பாள். உடலும் அவ்வாறே. கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறைகிறது. மூளை செலவைச் சுருக்குகிறது. உணவைத் தேடுமாறு நம்மை நெருக்குகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் உயிரைக் காத்த ஏற்பாடு இது.

அந்நெருக்குதல் மனத்தையும் விட்டுவைப்பதில்லை. 1944இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆய்வில், 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைவயிறு உண்டனர். நல்ல உடலும் மனவுறுதியும் உடையோர் அவர்கள். நாளடைவில் உணவே அவர்களின் நினைவாயிற்று. சமையல் நூல்களைப் புரட்டலாயினர். சோர்வும் எரிச்சலும் கவிந்தன. எதிலும் மனம் ஊன்ற இயலவில்லை என்றனர்.

அவர்களுக்கே இந்நிலையெனில், பள்ளிப் பிள்ளைக்கு எப்படி? காலையில் நீராகாரம் மட்டும் அருந்தி வந்த பிள்ளைகளைக் கரிசல் ஊர்களில் நாம் கண்டதுண்டு. பதினொரு மணிக்குமேல் அவர்கள் கண்கள் கரும்பலகையை விட்டுச் சமையற்கூடத்துப் புகையை நோக்கும். ‘மந்தம்’ என்று அவர்களுக்குப் பெயர் சூட்டியோரும் உண்டு. பாடத்தைவிட உரத்த குரலில் மூளை வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்ததை யார் அறிந்தார்?

அறிந்தவர் ஒருவர் இருந்தார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் முதலமைச்சர் காமராசர். கிரெலின் என்ற பெயரே அன்று உலகில் இல்லை. பசித்த பிள்ளை படிக்காது என்ற பட்டறிவு போதுமானதாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது.

பருத்த உடலினரையும் நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்கிறோம். அவர்களுள் பலருக்கு லெப்டின் மிகுந்தே இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிகொடுப்பதில்லை. வருந்தி எடை குறைத்தவரையும் உடல் பழைய எடைக்கே இழுக்கிறது. முயற்சி வேண்டியதே. ஆனால் ஏளனம் எவருக்கும் மருந்தானதில்லை.

தவக்காலத்தில் நாம் காக்கும் ஒருசந்திக்கும் இவ்வறிவு ஒளி தருகிறது. சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும், வழக்கமான வேளையில் பசி எழுந்து, அவ்வேளை கடந்ததும் சற்றே அடங்குவதை உணர்ந்திருப்போம். அடுத்த உணவு உறுதி என்பதால் நம்மால் பொறுத்திருக்க முடிகிறது. அவ்வுறுதி இல்லாத வீட்டில் பசி நோன்பாவதில்லை. அது சுமையாகவே இருக்கிறது.

ஆகவே, அடுத்த ஒருசந்தி நாளில் வயிறு கிள்ளும்போது, நம் தெருவில் அதே கிள்ளலைத் தாம் தேர்ந்துகொள்ளாமலே தாங்கும் ஒருவர் யாரென எண்ணிப் பார்ப்போம். நாம் ஒதுக்கிவைத்த உணவு, ஆறுமுன் அவர் கையைச் சென்றடையட்டும்.