அலை அடிக்காத துறைமுகம்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தம். அப்ப எங்கட வட்டத்துக்குள்ள அடிக்கடி வந்த கதை ஒன்று: "மூண்டு பக்கமும் கடல். ராப்பகலா அலை அடிக்குது. அதில கரண்ட் எடுக்க ஏலாதா?"

எடுக்கலாம். பக்கத்திலேயே எடுத்துக் காட்டியும் இருக்கினம். கேரளாவில் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய அலை மின்நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கியது. 150 கிலோவாட். விசயம் லேசு. ஒரு வாளியின் அடியில் ஓட்டை போட்டு, கவிழ்த்துத் தண்ணிக்குள்ள மேலும் கீழும் அமத்திப் பாருங்கோ, ஓட்டையால காத்து முகத்தில அடிக்கும், இழுக்கும். அந்த வாளியை கொங்கிறீட்டில் பெரிசாகக் கட்டி, ஓட்டையில் ஒரு சுழலியை வைத்தால் அதுதான் நிலையம். காத்து உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் ஒரே பக்கம் சுத்துகிற சுழலி அது. அலன் வெல்ஸ் என்பவர் கண்டுபிடித்ததால் வெல்ஸ் சுழலி என்று பெயர்.

பிரச்சினை அலையில்தான். தென்மேல் பருவக்காத்துக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், மற்ற மாதங்களில் அடங்கிப்போகும். கரண்டும் அப்படியே ஏறி இறங்கும். பிறகு அதை வைத்துக் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். 2011இல் மூடிவிட்டார்கள்.

இனி எங்கட ஊருக்கு வருவம். அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்தோட போகும். உயரம் பாதியானால் சக்தி கால்வாசி. திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கீசரில் இருந்து பிரிட்டிஷ்காரர் வரைக்கும் அடிபட்டது ஏன்? உள்ளே கப்பல் ஆடாமல் நிற்கும் என்றுதானே. அந்த அமைதிதான் இங்க அலை மின்சாரத்துக்கு எதிரி. கோணேசர் மலைக்கு வெளிப்பக்கம் வாடைக்காத்துக்குக் கடல் எழும்பும், உண்மை, ஆனால் சில மாதங்கள்தான். தெற்குப் பெருங்கடலில் இருந்து வருசம் முழுக்க உருண்டு வரும் பெரிய அலை காலி, அம்பாந்தோட்டைப் பக்கம்தான் அடிக்கும். எங்களுக்கு இந்தத் தீவே மறைப்பு.

அளவையும் பாருங்கோ. குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 500 மெகாவாட். அதுக்கு ஈடாக விழிஞ்ஞம் மாதிரி மூவாயிரத்துக்கு மேல் வேணும். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது நல்லதுக்குத்தான். இப்ப அங்க 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள்.

ஆனாலும் அலை மின்சாரம் என்ற யோசனை என்னை விடேல்ல, அதுக்குக் காரணமும் சம்பூர்தான். 2006இல் சண்டையால் வெளியேறின சனம், ஊருக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து வருசம் காத்திருந்தது. அவர்கள் முகாமில் இருக்கும்போதே அந்த மண்ணுக்கு மின்நிலையம் பேசப்பட்டது. நிலம் கேட்காத மின்சாரம் என்றால் இந்த மாவட்டத்தில் யாருக்குத்தான் ஆசை வராது?

கடல் மட்டும் சும்மா கிடக்குதா? கரைவலை இழுக்கிறவருக்கு எந்தப் பாடு தன்ரை என்று தெரியும். வரைபடத்தில்தான் அது வெறும் நீலம். அதே விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் கட்டத் தொடங்கின பிறகு, கரை அரிக்குது என்று மீனவர்கள் 2022இல் மாதக்கணக்காகப் போராடினார்கள்.

எனக்குச் சரியாகப் படுகிறது ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க் கரையில் முத்ரிக்கு என்ற சின்னத் துறைமுகம் செய்த வேலை. எப்படியும் கட்டவேண்டியிருந்த அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 சுழலிகளை வைத்தார்கள். 2011இல் தொடங்கியது, எல்லாம் சேர்த்து 296 கிலோவாட். புதிதாக ஒருத்தற்ரை கடலையும் பிடிக்கேல்ல. தெற்கில் மீன்பிடித் துறைமுகச் சுவர்களைத் திருத்தும்போது, அங்கத்தைய மீனவரைக் கேட்டு, இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாம். நாட்டுக்கே கரண்ட் தரத் தேவையில்லை. துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையின் பில் குறைந்தால் காணும்.