அப்பாவுக்குப் பதினேழு வயது

('பேக் டு தி ஃபியூச்சர்' மூன்று படங்கள்: சில குறிப்புகள்)

1980. 'யூஸ்டு கார்ஸ்' படம் வெளிவந்திருந்த சமயம். அதன் எழுத்தாளர்களில் ஒருவரான பாப் கேல், பெற்றோரைப் பார்க்க செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போயிருந்தார். வீட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே அப்பாவின் பள்ளி ஆண்டு மலர் கிடைத்தது. புரட்டிப் பார்த்தால், அப்பா அந்த வருடத்தின் மாணவர் தலைவர். மகனுக்கு அதுவரை தெரியாது. தன்னோடு படித்த மாணவர் தலைவனோ கேலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தவன். அப்படியென்றால் நானும் அப்பாவும் ஒரே பள்ளியில் படித்திருந்தால் நண்பர்களாகியிருப்போமா? இந்தக் கேள்வியோடுதான் அவர் தன் கூட்டாளி ராபர்ட் செமெக்கிஸிடம் திரும்பி வந்தார். மூன்று படங்களும் அதிலிருந்து முளைத்தவை.

*

எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய நாவலில் கால இயந்திரம் 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறது. இந்தப் படங்களின் நாயகன் மார்ட்டி மெக்ஃப்ளை போவது முப்பதே வருடம் பின்னால்: 1985இலிருந்து 1955க்கு. அதுவும் அதே ஹில் வேலி ஊருக்குள். அந்த முப்பது யோசித்து வைத்த கணக்கு. பதினேழு வயதுப் பையன் போய் இறங்கும்போது அவனைப் பெற்றவர்களுக்கும் பதினேழு ஆகியிருக்க வேண்டும். போர்க்களமோ டைனோசரோ எதுவும் தேவைப்படவில்லை. நம்மைப் பெற்றவர்கள் நாம் வருவதற்கு முன் எப்படி இருந்தார்கள் என்பதைவிடப் பெரிய மர்மம் ஒரு பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

*

முதல் படத்தில் என்னை அதிகம் பாதிக்கும் இடம் மின்னல் விழும் காட்சி இல்லை. பள்ளி உணவுக்கூடத்தில் நடக்கும் சின்னப் பேச்சு. மார்ட்டியின் வருங்கால அப்பா ஜார்ஜ் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான். அறிவியல் புனைகதைகள். யாருக்கும் காட்டுவதில்லை, நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது என்கிறான். படத்தின் தொடக்கத்தில், தான் பாடிப் பதிவு செய்த கேசட்டை அனுப்பத் தயங்கும் மார்ட்டி தன் காதலி ஜெனிஃபரிடம் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பான். தன் பயம் எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியில் அவனுக்குப் புரிகிறது. அப்பா கோழை என்று நினைத்திருந்தவன், அப்பாவிடம் தன்னையே பார்க்கிறான்.

*

மார்ட்டியின் அம்மா லொரெய்ன் வரும் காட்சிகளும் அப்படியே. 1985இல், தான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் எந்தப் பையனின் பின்னாலும் போனதில்லை என்று மகளுக்கு உபதேசிக்கும் அம்மா, 1955இல் சிகரெட் பிடிக்கிறாள், திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள், பிடித்தவனைத் தானே துரத்துகிறாள். மகன் அதிர்ந்துபோகிறான். பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லும் இளமைக் கதை எப்போதும் திருத்திய பிரதிதான். இந்தப் படம் திருத்தாத பிரதியைக் காட்டுகிறது. அதற்காக அவளைக் கேவலப்படுத்துவதில்லை. அந்தப் பெண் உயிர்ப்போடு இருக்கிறாள். 1985இன் சோர்ந்துபோன அம்மாவைப் பார்க்கும்போதுதான் நமக்கு வலிக்கிறது.

*

மார்ட்டியாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் பிறந்தது 1961 ஜூன் 9. அவனுடைய அம்மாவாக நடித்த லியா தாம்ப்ஸன் 1961 மே 31. பத்து நாள்கூட வித்தியாசம் இல்லை. அப்பா ஜார்ஜாக வரும் கிரிஸ்பின் குளோவர் மகனைவிட ஏறக்குறைய மூன்று வயது இளையவர். படத்தின் கருவே நடிகர் தேர்வில் அமர்ந்துவிட்டது.

*

திரைக்கதை நாற்பது தடவைக்கு மேல் நிராகரிக்கப்பட்டது. இளைஞர் நகைச்சுவை என்றால் கொஞ்சம் ஆபாசம் இருக்க வேண்டும் என்று நினைத்த ஸ்டுடியோக்களுக்கு இது ரொம்ப சாது. டிஸ்னிக்கோ நேர்மாறான பயம்: தாய் தன் மகன் என்று தெரியாமல் அவன்மேல் ஆசைப்படும் கதையை நாங்கள் எப்படி எடுப்பது? கேலும் செமெக்கிஸும் அதற்கு முன் சேர்ந்து செய்த படங்கள் ஓடவில்லை என்பதும் ஒரு காரணம். 1984இல் செமெக்கிஸ் இயக்கிய 'ரொமான்ஸிங் த ஸ்டோன்' ஓடிய பிறகே கதவு திறந்தது. ஆரம்பம் முதல் இந்தக் கதையை நம்பிய ஸ்பீல்பெர்க் பக்கம் அவர்கள் திரும்பினார்கள்.

*

படப்பிடிப்பு தொடங்கியபோது மார்ட்டி வேறொருவர்: எரிக் ஸ்டோல்ட்ஸ். சில வாரங்கள் எடுத்தாயிற்று. திறமையான நடிகர்தான், ஆனால் பாத்திரத்தின் துயரத்தை ஆழமாகப் பிடித்துக்கொண்டார். படத்துக்கு வேண்டிய துள்ளல் வரவில்லை. 1985 ஜனவரியில் அவரை நீக்கிவிட்டு, எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். ஃபாக்ஸ் பகலில் 'ஃபேமிலி டைஸ்' தொலைக்காட்சித் தொடரில் நடித்துவிட்டு, இரவில் இங்கே வந்து விடியும் நேரம்வரை நடித்தார். யோசித்தால் ஸ்டோல்ட்ஸ் செய்ததும் தவறில்லை. கடந்த காலத்தில் தலையிட்டுவிட்டு வீடு திரும்பும் மார்ட்டிக்குக் கிடைப்பது, மாறிப்போன, அவனுக்கு அறிமுகமில்லாத பெற்றோர். அவன் வளர்ந்த குடும்பம் இனி எங்கும் இல்லை. அந்தத் துயரம் கதைக்குள் இருக்கத்தான் செய்கிறது. அதை உணர்ந்தும் உணராமலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

*

திரைக்கதை கற்பவர்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் ஒரு துண்டுக் காகிதம். கடிகாரக் கோபுரத்தைக் காப்பாற்ற நிதி திரட்டும் பெண்மணி மார்ட்டியின் கையில் திணிக்கும் நோட்டீஸ். 1955 நவம்பர் 12 இரவு 10.04க்கு மின்னல் தாக்கி அந்தக் கடிகாரம் நின்றது என்ற தகவல் அதில் இருக்கிறது. சாதாரணமாக யாரும் அதைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். மார்ட்டி வைத்துக்கொள்கிறான், ஏனென்றால் அதன் பின்பக்கத்தில் ஜெனிஃபர் ஒரு தொலைபேசி எண்ணையும் தன் காதலையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். 1985க்குத் திரும்பத் தேவையான 1.21 ஜிகாவாட் மின்சாரத்துக்கு வழி தெரியாமல் தவிக்கும்போது அவனைக் கரைசேர்ப்பது அந்தக் காகிதம். தகவலைப் பத்திரப்படுத்தியது காதல். கதையின் இயந்திரத்தையும் பாத்திரத்தின் மனதையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

*

இன்னொன்று. கால இயந்திரமான கார் 1955இல் போய் இறங்கியதும் பீபாடி என்ற விவசாயியின் இரட்டை பைன் கன்றுகளில் ஒன்றை மார்ட்டி ஏற்றி முறித்துவிடுகிறான். முன்பு 'ட்வின் பைன்ஸ் மால்' என்றிருந்த பெயர்ப்பலகை, அவன் திரும்பி வரும்போது 'லோன் பைன் மால்' என்றிருக்கிறது. யாரும் அதைச் சுட்டிக் காட்டுவதில்லை. கண்டுகொண்டவருக்கு அது படம் தரும் பரிசு. பார்வையாளரின் புத்திக்கு மரியாதை கொடுக்கும் படத்தை அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

*

முதல் படத்தின் முதல் ஷாட்டில், கால இயந்திரத்தைச் செய்த விஞ்ஞானி டாக்டர் பிரவுனின் வீட்டில் வரிசையாகக் கடிகாரங்கள். ஒன்றில் முள்ளைப் பிடித்துத் தொங்கும் ஒரு குட்டி மனிதர்: 1923இல் வந்த மௌனப் படத்தின் ஹெரால்ட் லாய்ட். முடிவில் கோபுரத்தில் அப்படியே தொங்கப்போகிறவர் டாக்டர் பிரவுன்.

*

மூன்று படங்களுக்கும் நிஜமான கதாநாயகன் அந்த நீதிமன்றச் சதுக்கம் என்றுகூடச் சொல்லலாம். 1885இல் புழுதி, 1955இல் பளபளப்பு, 1985இல் பழசாகிப்போன கடைகள், 2015இல் மறுபடி மினுக்கம். நான்கு காலங்களிலும் ஒரே இடம். 1885ஐத் தவிர மற்றவை யுனிவர்சல் ஸ்டுடியோவின் அரங்கத்தில் எடுத்தவை. ஊர் என்பது மாறிக்கொண்டே இருப்பது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரே கோணத்தில் கேமராவை வைத்து, ஒரு சொல் பேசாமல் காட்டிவிடுகிறார்கள்.

*

கால இயந்திரம் முதலில் ஒரு ஃபிரிட்ஜாகத்தான் எழுதப்பட்டிருந்தது. இயந்திரம் நகர்ந்தால் கதையும் நகரும் என்று தோன்றியதால் கார் ஆயிற்று. பிள்ளைகள் ஃபிரிட்ஜுக்குள் புகுந்து விளையாடிவிடுவார்களோ என்ற கவலையும் இருந்தது. வட அயர்லாந்தின் டன்மரியில் தயாரான டிலோரியன் காரின் கம்பெனி 1982இலேயே மூழ்கிவிட்டது. படம் வந்தபோது அது சந்தையில் தோற்றுப்போன வண்டி. துருப்பிடிக்காத எஃகு உடல், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். 1955இன் விவசாயக் குடும்பம் அதை விண்கலம் என்று நம்ப வேண்டும் என்பதே தேர்வுக்குக் காரணம். தோற்ற வண்டியும் தோற்றுப்போன விஞ்ஞானியும் சேர்ந்து மணிக்கு 88 மைல் வேகம் தொடும்போது மனம் கூடவே பறக்கிறது.

*

நேசிக்கும் படத்தின் குறைகளையும் எழுதி வைக்க வேண்டும்.

1955இன் அமெரிக்காவை இது ரொம்ப இதமாகக் காட்டுகிறது. படத்தில் மின்னல் விழும் அதே இரவில் நடக்கும் பள்ளி நடன விழாவிலிருந்து மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 1 அன்று, கறுப்பினப் பெண்மணி ரோஸா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். படத்தில் அந்தக் காலத்துக்கு முக்கியமான சாட்சி, உணவகத்தில் தரை பெருக்கும் கறுப்பின இளைஞன் கோல்டி வில்ஸன். 1985இல் அவர் மேயர். நல்ல கற்பனை. ஆனால் சக் பெர்ரியின் இசையை ஒரு வெள்ளைக்காரப் பையன் வாசிக்க, அதைப் பெர்ரியே தொலைபேசி வழியே முதன்முதலாகக் கேட்பதாக வரும் காட்சி, ராக் அண்ட் ரோலை உண்டாக்கியவர்களின் உரிமையை விளையாட்டாகப் பறிக்கிறது. பாட்டு ஒலிக்கும்போது உற்சாகம் வருகிறது. உறுத்தலும் வருகிறது.

இரண்டாவது: அப்பா தைரியசாலியானதற்கு அடையாளமாகப் படம் காட்டுவது வசதியை. நல்ல சோஃபா, புது கார், மகனுக்கு ஒரு டிரக். குளோவரே இந்த முடிவோடு உடன்படவில்லை என்று பின்னாளில் சொன்னார். அவர் பக்கம்தான் நானும்.

*

ஆனால் இங்கேதான் இரண்டாம் படம் (1989) முக்கியமாகிறது. எதிர்காலத்தில் விளையாட்டு முடிவுகளின் புத்தகம் ஒன்றைப் பார்த்ததும் மார்ட்டிக்கு ஆசை வருகிறது: கொண்டுபோய்ப் பந்தயம் கட்டினால் பணம். அந்த ஒரு சபலத்தை, ஜார்ஜைப் பள்ளி நாளிலிருந்தே மிரட்டிவந்த பிஃப் பிடித்துக்கொள்கிறான். விளைவு, சூதாட்ட விடுதியாகிப்போன ஒரு 1985. ஜார்ஜ் கொலையுண்டிருக்கிறார், லொரெய்ன் பிஃப்பின் மனைவி. முதல் படம் பரிசாகக் கொடுத்த அதே பணத்தை இரண்டாம் படம் விஷமாக்கிக் காட்டுகிறது. முதல் படத்தின் முடிவை இரண்டாம் படமே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது என்றே நான் வாசிக்கிறேன். தன்னையே திருத்திக்கொள்ளும் தொடர்கள் அபூர்வம்.

*

இரண்டாம் படம் 2015 பற்றிச் சொன்ன ஜோசியம் பலித்ததா என்று எண்ணிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. பறக்கும் கார் வரவில்லை. வீடியோ அழைப்பு, சுவர் அகலத் திரை, விரல்ரேகை வைத்துப் பணம் கட்டுவது எல்லாம் வந்தன. வீட்டில் எங்கு பார்த்தாலும் ஃபேக்ஸ் மெஷின் வைத்தவர்கள் கைபேசியை யூகிக்கவில்லை. படத்தில் மார்ட்டி போய் இறங்கும் நாளான 2015 அக்டோபர் 21ஐ உலகம் கொண்டாடியது. ஆனால் தானே கயிறு கட்டிக்கொள்ளும் காலணிக்காக யாரும் ஒரு படத்தை நாற்பது வருடம் நேசிப்பதில்லை.

*

அந்தக் காலணியால் ஒரு நன்மை நடந்தது. ஃபாக்ஸுக்கு 1991இல் பார்க்கின்ஸன் நோய் இருப்பது தெரிந்தது. 2000இல் அந்நோய்க்கான ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2011இல் படத்தில் வந்த காலணியின் வடிவத்தை நைக்கி தயாரித்து ஏலம் விட்டது. பணம் அந்த ஆராய்ச்சிக்குப் போனது.

*

இரண்டாம் படத்தின் கடைசி. டிலோரியனை மின்னல் தாக்கி டாக்டர் பிரவுன் மறைந்துவிட்டார். கொட்டும் மழையில் தனியாக நிற்கிறான் மார்ட்டி. ஒரு கார் வந்து நிற்க, வெஸ்டர்ன் யூனியன் ஊழியர் இறங்கிக் கடிதம் கொடுக்கிறார். எழுபது வருடமாக அலுவலகத்தில் காத்திருந்த கடிதம். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. எழுதியவர் 1885இல் இருக்கும் டாக்டர். அவர் உயிரோடு இருக்கிறார்! காலப்பயணக் கதைகளில் இதைவிட நெகிழ்வான காட்சியை நான் பார்த்ததில்லை. கால இயந்திரம் இல்லாமலும் காலத்தைக் கடக்கலாம். ஒரு தபாலும், அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாதுகாத்த பெயர் தெரியாத சில குமாஸ்தாக்களும் போதும்.

*

மூன்றாம் படத்தைச் (1990) சிலர் குறைத்துச் சொல்வார்கள். எனக்கு அது இல்லாமல் மற்ற இரண்டும் நிறைவதில்லை. 1955இல் நின்ற கடிகாரம் 1885இல் ஓடத் தொடங்குவதை அதில்தான் பார்க்கிறோம். அதைவிட முக்கியம் மார்ட்டியின் குணம். ஜார்ஜின் நோய் பயம். மார்ட்டியின் நோய், பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதைச் சொல்லிச் சீண்டினால் அவன் எதையும் செய்வான். அந்த வீம்பால்தான் அவன் கார்ப் பந்தயத்தில் மோதிக் கை முறிந்து, கிட்டாரை விட்டு, 2015இல் தோற்ற மனிதனாக உட்கார்ந்திருக்கிறான். மூன்றாம் படத்தின் முடிவில் மறுபடி அதே சீண்டல், அதே சாலை. இந்த முறை மார்ட்டி வண்டியைப் பின்பக்கமாக எடுத்துவிடுகிறான். முதல் படத்தில் அவன் அப்பாவை மாற்றினான். தன்னை மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு படங்கள் தேவைப்பட்டன.

*

1985இல் மார்ட்டியின் வயதில் இருந்தவர்கள் இன்று அந்தப் படத்தில் 1985இல் வரும் ஜார்ஜைவிட மூத்தவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு 1985, மார்ட்டிக்கு 1955 இருந்ததைவிட அதிகத் தூரம். அதனால் ஒரே வீட்டில் இரண்டு படங்கள் ஓடுகின்றன: பிள்ளை மார்ட்டியின் பக்கத்திலிருந்து பார்க்கிறது, பெற்றவர் ஜார்ஜின் பக்கத்திலிருந்து. பார்ப்பவரின் வயது ஏற ஏற இடம் மாறி உட்கார வைக்கும் படங்கள் சிலவே.

*

டிலோரியன் ரயிலில் மோதித் தூள் தூளாவதோடு பயணம் முடிகிறது. நான்காவது படமோ மறு ஆக்கமோ வேண்டாம் என்று கேலும் செமெக்கிஸும் உறுதியாக நிற்கிறார்கள். பெரும் பணத்தை வேண்டாம் என்று சொல்வது ஹாலிவுட்டில் எளிதில்லை. அந்தப் பந்தயத்தில் இறங்காமல் வண்டியைப் பின்னால் எடுத்த மார்ட்டி செய்ததும் இதுதான். கதையில் சொன்னதை வாழ்க்கையிலும் காப்பாற்றுகிறவர்கள் எடுத்த படங்கள் என்பதால், இந்த மூன்றின்மேலும் எனக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.