வெந்நீர்த் தொட்டியும் வாத எண்ணெயும்

2019ஆம் ஆண்டு தை மாதம், ரொறன்ரோ நகரிலே மகன் வீட்டில் நானும் மனைவியும் தங்கியிருந்தோம். அவ்வீட்டின் பின்புறத்தில், திறந்த வெளியில், வெந்நீர்த் தொட்டியொன்று உண்டு. நம்மூர்க் கிணற்றடித் தொட்டியை வாசகர்கள் மனத்திற் கொள்ளலாகாது. இது மின்சாரத்தாற் சூடேறி, மூடியின் கீழ் இரவு பகலாக 38 பாகை செல்சியசில் நிற்பது. தாயின் முழங்கால் வாதத்துக்காகவே மகன் அதை வாங்கினான். மருமகளுக்கு அதில் முழுச் சம்மதமோ என்று நான் விசாரித்ததில்லை.

மகன் வெளியூர் போயிருந்த ஒரு காலையில் நீர் 31 பாகைக்கு இறங்கிவிட்டது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 14. பழுது பார்ப்பவர் வர நான்கு நாட்களாகுமாம். கவலை குளிப்பைப் பற்றியதன்று. அக்குளிரில் தொட்டியடிக் குழாய்களில் நீர் உறைந்தால், அது விரிந்து குழாய்களைப் பிளந்துவிடும். "வாங்கின காசைவிடத் திருத்திற காசு கூடிவிடும்" என்றாள் மருமகள். அவள் பார்வை ஏனோ மாமியின் பக்கம் போய் மீண்டது.

நீர்மட்டம் குறையவில்லை, மின்சாரப் பெட்டியின் ஆளியும் விழவில்லை. ஆனால், நீர் பீறிடும் துவாரங்களில் வேகமில்லை. சூடாக்கியின் ஊடாகப் போதிய நீர் ஓடாவிடில் அது எரிந்துபோகும்; ஆதலால் காவல் ஆளியொன்று அதனை நிறுத்திவிடும். சூடாக்கி பழுதாகவில்லை, புத்தியோடு ஒதுங்கி நிற்கிறது என ஊகித்தேன். மின்சாரத்தை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றி, அஃதின்றியே மீண்டும் ஓடவிட்டேன். சில நிமிடங்களில் சூடாக்கியின் விளக்கு எரிந்தது!

"அப்பப்பா வெண்டிட்டார்!" என்று பேரன் துள்ளினான். 1,400 லீற்றர் நீர், ஐந்தரைக் கிலோவாற்றுச் சூடாக்கி. வெப்ப இழப்பை விட்டால் மணிக்கு 3 பாகைக்குச் சற்று மேல். கணக்கை அவனைக்கொண்டே செய்வித்தேன். பௌதிகம் படிப்பித்தவனின் குணம் ஓய்வூதியத்தோடு போய்விடுவதில்லை.

வடிகட்டியை உள்ளே கொண்டுவந்து பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. மடிப்புகளெங்கும் பிசுக்கு. முகர்ந்தேன். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த வாத எண்ணெய்! மனைவி நாள்தோறும் அதை முழங்காலில் தேய்த்து, அப்படியே தொட்டியில் இறங்கியிருக்கிறாள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவிப் பார்த்தேன். வெறும் நீருக்கு அது அசையவில்லை. பழைய அழுக்கென்று சொல்லிவிட்டால் மருமகள் நம்பியிருப்பாள். அப்படிச் சொல்லும் எண்ணத்தோடுதான் கதவைத் திறந்தேன். வெளியே மனைவி நின்றாள். மணம் அவளுக்கு முன்னரே எட்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் வடிகட்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"பிள்ளை, இது என்ர எண்ணெய்தான். நான் யோசிக்கேல்லை."

மருமகள் அதை மணந்து பார்த்தாள். நான் கடுஞ்சொல்லொன்றை எதிர்பார்த்து நின்றேன்.

"எங்கட அம்மம்மாவின்ர மணம், மாமி" என்றாள் அவள்.

பின்னர், வடிகட்டிக்கென உள்ள திரவத்தை வாளியிற் கரைத்து, இரவு முழுவதும் அதை ஊறவிட்டாள். பாத்திரச் சவர்க்காரம் ஆகாது, தொட்டி நிறைய நுரைக்கும் என்று எனக்கும் பாடஞ் சொன்னாள்.

மறுநாள் முதல், தொட்டிக்குப் போகுமுன் மாமியின் கால் கழுவ இளஞ்சூட்டு நீர் வைத்தவள் அவளே. எண்ணெய் தேய்ப்பது குளித்து வந்த பின்னர் என்றாயிற்று. சில இரவுகளில் அதையும் அவளே தேய்த்துவிட்டாள்.