குரங்கணிப் பாதை

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். நம் பக்கம் இருப்பது குரங்கணியிலிருந்து ஏறும் தடம். கீழே காடு, மேலே தனியார் எஸ்டேட். எது எங்கே முடிகிறது என்பது தேயிலைச் செடியைக் கண்டால்தான் புரியும்.

போடியில் இருந்த பெரியப்பா, அதே குரங்கணியிலிருந்து ஏறும் டாப் ஸ்டேஷன் பாதையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். மூணாறு தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கியதெல்லாம் அவருக்கே கேள்விப்பட்ட கதை. மேலே ஓடிய குண்டளை ரயில் 1924 வெள்ளத்தோடு போயிற்று. ஆள் நடந்த தடம் நிலைத்தது.

பெரியப்பா பத்திரப் பைத்தியம். ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்ற வரியைப் பார்க்காமல் ஒரு சென்ட் வாங்கமாட்டார். அந்த வரிக்குப் பின்னால் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் இருக்கிறது: தடையில்லாமல் 20 ஆண்டு, அரசு நிலமென்றால் 30 ஆண்டு, உரிமையாக நடந்திருந்தால் அந்த வழியில் நடக்கும் பாத்தியம் உன்னுடையது. அதே 1882இல்தான் சென்னை வனச் சட்டமும் வந்தது. காப்புக்காடாக அறிவிக்கும்போது குறித்த கெடுவுக்குள் வந்து சொல்லாதவன் பாத்தியம் அதோடு சரி. தண்டோரா எத்தனை மலைக்குடிக்குக் கேட்டிருக்கும்?

இன்னொரு சிக்கல். ஈஸ்மென்ட் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலமில்லாமல் சும்மா மலை பார்க்க நடப்பவனுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தில் பொதுமக்கள் 20 ஆண்டு நடந்தாலே பொதுப் பாதை என்று வாதாடலாம். அங்கும் நடக்கும் உரிமை எல்லாம் சும்மா கிடைத்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று ஒரு டியூக்கின் வேட்டை மேடான கிண்டர் ஸ்கவுட்டில் அத்துமீறி ஏறிய தொழிலாளிப் பிள்ளைகளில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மேடுகளில் நடக்க உரிமை தரும் சட்டம் 2000இல்தான் வந்தது.

குரங்கணி என்றால் இப்போது வேறு நினைவு. 2018 மார்ச் 11, காட்டுத்தீ, 23 உயிர்கள். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் வனத்துறையே 40 தடங்களை முன்பதிவு, கட்டணம், வழிகாட்டியோடு திறந்தது. தீக்காலத்தில் மூடுவது சரியே. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அனுமதிச் சீட்டு வேறு, பாத்தியம் வேறு. சீட்டைக் கொடுத்தவர் நாளைக்கு நிறுத்தவும் செய்யலாம்.

உங்கள் ஊரிலிருந்து மலைக்கு ஒரு தடம் போகிறதா? கிராம வரைபடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நடந்த பெரியவர்கள் இருக்கும்போதே கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்.